கருவி எண் ஏழு

என் மனைவிக்கு மீன் வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இந்த நாலு வார்த்தைக்காக நான் ஓர் அலுவலகத்தின் படிகளை மூன்று நாள் ஏறி இறங்கினேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அதிலும் நான் லிஃப்ட் மெக்கானிக். படியேறுவது எனக்குத் தொழில்ரீதியாகவே பிடிக்காது.

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். பாலைக் கண்டால் குமட்டல், முட்டை என்று சொன்னாலே குமட்டல், பருப்பு கொதிக்கும் சத்தம் கேட்டால்கூட எழுந்து ஓடுவாள். மீன் மட்டும்தான் வயிற்றில் தங்கியது. டாக்டரம்மா எடை பார்க்கும் கருவியில் அவளை நிற்க வைத்து, முள்ளைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"போன மாசம் இருந்த எடைதான் இந்த மாசமும். அம்மா சாப்பிட்டாத்தானே குழந்தை வளரும். மீன் தங்குதுன்னா மீனே சாப்பிடுங்க. குழந்தையோட மூளைக்கும் ரொம்ப நல்லது. ஆனா எல்லா மீனும் கூடாது. சிலதுல பாதரசம் இருக்கும்."

"எந்த மீன் சாப்பிடலாம் டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பேரை நான் சொல்லக் கூடாது. அதைச் சொல்றதுக்குன்னே ஒரு வாரியம் இருக்கு. நாங்க முந்திக்கிட்டுச் சொன்னா விளக்கம் கேட்டுக் கடிதம் போடுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால வந்த கடிதத்துக்கே நான் இன்னும் பதில் எழுதிட்டிருக்கேன். மூணு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் எடை ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும். ஊசி வழியாத்தான் சத்து ஏத்தணும்."

ஊசி என்றதும் என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு விரல் மரத்துப்போனது. தடுப்பூசிக்கே ஊரைக் கூட்டுகிறவள் அவள்.

வீட்டில் வேறொரு வாரியம் இருந்தது. என் மாமியார். மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். காலையில் செய்தித்தாளும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிடுவார். கடலில் எண்ணெய், ஆற்றில் சாயக்கழிவு, ஏரியில் நுரை, குளத்து மீனுக்கு மருந்து என்று வந்த செய்தியையெல்லாம் வெட்டி, ஃபிரிட்ஜ் கதவு முழுக்க ஒட்டி வைத்திருந்தார். ஃபிரிட்ஜின் நிறம் என்னவென்பதே எனக்கு மறந்துவிட்டது.

"கடலும் போச்சு, ஆறும் போச்சு, குளமும் போச்சு மாப்பிள்ளை. இனிமே மீன் எங்கேருந்து வரணும்?" என்பார்.

"என்னை வயித்துல வச்சிருந்தப்ப நீ தினமும் மீன்தானேம்மா சாப்பிட்டே?" என்று என் மனைவி கேட்டாள்.

"அப்ப எனக்குப் பேப்பர் படிக்க நேரமில்லடி."

நான் மத்தி வாங்கி வந்தேன். மாமியார் அதை ஃப்ரீசரில் வைத்துக் கதவை இறுகச் சாத்தினார். "எனக்கு மட்டும் பொரிச்சுப் போட ஆசையில்லையா? இது சாப்பிடலாம்னு சீல் வச்ச காகிதம் ஒண்ணு கொண்டாங்க. அடுத்த நிமிஷம் வாணலியை வைக்கிறேன்." அவருக்குக் கடவுளுக்கு அடுத்தபடி சீல்தான். சீல் வைத்த காகிதத்தில் எழுதியிருந்தால் செங்கல்லைக்கூடப் பொரித்துவிடுவார்.

என் மனைவி அரை பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "நெத்திலி," என்றாள். "நல்லா மொறுமொறுன்னு." அன்றே வாரியத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

மீன் உண்போர் பாதுகாப்பு வாரியம் நான்கு மாடிக் கட்டடம். நுழைந்ததும் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள்: 'ஐயமிருந்தால் உண்ணாதீர். ஐயமில்லையென்றால், ஏன் இல்லை என்று யோசிப்பீர்.' அதன் கீழே தகவல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கண்ணாடி மீன்.

"எந்த மீன் சார் சாப்பிட நல்லது?"

அவர் முகத்தில் ஒரு வருத்தம் படர்ந்தது. "சார், வாரியம் எந்த மீனையும் நல்லதுன்னு சொல்றதில்ல."

"சரி, எது கெட்டது?"

"கெட்டதுன்னும் சொல்றதில்ல. பாவம், மீன் மனசு கஷ்டப்படும்னு இல்ல. சட்டச் சிக்கல். நீங்க ஒரு மீனைக் கொண்டாந்தா அந்த மீனைப் பத்தி மட்டும் ஒரு கருத்து சொல்லுவோம்."

"மத்தி கொண்டாந்தா மத்தியைப் பத்திச் சொல்லுவீங்களா?"

"மத்தியைப் பத்தி இல்ல சார். அந்த மத்தியைப் பத்தி."

மறுநாள் ஒரு மத்தியை ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நாலு பக்கப் படிவம் தந்தார்கள். மீனின் பெயர், இனம், பிறந்த இடம், நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி. நிரந்தர முகவரிக்குக் கடல் என்று எழுதினேன். தற்போதைய முகவரிக்கு என் சாப்பாட்டு டப்பா என்று எழுதினேன். அதிகாரி வாசித்துவிட்டு, "டப்பாவுக்குக் கதவிலக்கம் இல்லையா?" என்று கேட்டார். நான் கிண்டலுக்கு எழுதியிருந்தேன். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

புகைப்படம் ஒட்ட ஒரு கட்டம் இருந்தது. "இரண்டு கண்ணும் இரண்டு காதும் தெரிய வேண்டும்" என்று அடியில் அச்சடித்திருந்தது. காதை விட்டுக்கொடுக்க அவர் ஒப்புக்கொண்டார். கண்ணை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"மீனுக்கு ஒரு கண்ணு இந்தப் பக்கம், ஒரு கண்ணு அந்தப் பக்கம் சார். ரெண்டும் எப்படித் தெரியும்?"

"நேரா பார்க்கச் சொல்லுங்க."

எதிர்த்தெருவில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அங்கே மூங்கில் நாற்காலியில் தலையணை போட்டு மத்தியை நிற்க வைத்தோம். ஸ்டூடியோக்காரர் சலிக்கவேயில்லை. வாரியத்தால்தான் தன் கடை ஓடுகிறது என்றார். கேமராவுக்குப் பின்னாலிருந்து பழக்கதோஷத்தில், "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க," என்றார். மத்தியின் தாடையை நான்தான் தூக்கினேன். முகத்துக்கு நேரே எடுத்ததில் இரண்டு கண்ணும் ஓரளவு விழுந்தன. நடுவில் ஒரு வாய் மட்டும் ஆவென்று திறந்திருந்தது. என் அடையாள அட்டையில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறேன்.

படத்தை ஒட்டிக் கொடுத்தேன். "முடிவு எப்ப சார் வரும்?"

"நாப்பத்தஞ்சு வேலை நாள்."

"மூணு வாரத்துல என் மனைவி எடை ஏறியாகணும் சார்."

"ஏறட்டும். நாங்க தடுக்கலையே."

"சரி, நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு இந்த மீனை என்ன செய்வீங்க?"

"விதிப்படி அழிச்சிடுவோம்."

மேசையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னேன். "அப்ப நீங்க பரிசோதிச்ச மீனை நாங்க சாப்பிட முடியாது. நாங்க சாப்பிடற மீனை நீங்க பரிசோதிச்சிருக்க மாட்டீங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட பொதுமக்களை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. "அதனாலதான் சார், இந்த வாரியம் சான்று கொடுத்த மீனைச் சாப்பிட்டு இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. உலகத்துல வேற எந்த வாரியமும் இப்படிச் சொல்லிக்க முடியாது."

மீனை ஒப்படைக்க ஒரு டோக்கனையாவது கொடுங்கள் என்றேன். டோக்கன் வேண்டுமானால் இயக்குநரின் விழிப்புணர்வு உரையை ஒருமுறை கேட்டாக வேண்டும், அது நாளை காலை பத்து மணிக்கு, மீனுடன் வரவும் என்றார்.

மூன்றாம் நாள். மத்தியும் நானும் போனோம். எங்களோடு இன்னும் முப்பது பேர், ஆளுக்கொரு டப்பா. இரண்டாம் மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மின்விசிறி வேறு சுற்றியதால் எல்லார் மீனின் மணமும் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தது. மணி பத்தரை, பதினொன்று என்று போயிற்று. இயக்குநரைக் காணோம். தகவல் அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும். இயக்குநர் நாலாவது மாடியிலேருந்து கிளம்பிட்டார். ஆனா இன்னும் வந்து சேரல. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுடுச்சு."

"ரிப்பேர்காரரைக் கூப்பிடலாமே," என்று யாரோ சொன்னார்கள்.

"ஒப்பந்தக்காரரைக் கூப்பிடணும்னா இயக்குநர் கோப்புல கையெழுத்துப் போடணும். இயக்குநர் லிஃப்டுக்குள்ள இருக்கார்."

நான் கையைத் தூக்கினேன். பையில் சாமான் எப்போதும் இருக்கும். அதிகாரி என்னைக் கட்டிக்கொள்ள வந்து, மத்தியின் வாடையில் பாதி வழியில் நின்றுகொண்டார்.

மூன்றாம் மாடிக்குப் போய், முக்கோணச் சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தேன். லிஃப்ட் பாதி மேலே நின்றிருந்தது. கீழ்ப்பாதி வெறும் இருட்டு. மேலே என் கண்மட்டத்தில் பளபளவென்று ஒரு ஜோடி காலணி. அவர்தான் இயக்குநர். அதற்கு மேல் அவரை யாரும் பார்க்க முடியவில்லை.

"யாரது?" என்றன காலணிகள்.

"மெக்கானிக் சார். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய் மெயினை நிறுத்திட்டு, கையால சக்கரத்தைச் சுத்தி இறக்கணும். கொஞ்ச நேரமாகும். கதவுகிட்ட வராம உள்ளாற தள்ளி நில்லுங்க."

"ஆகட்டும். அதுவரை உரையை ஏன் தாமதிக்க வேண்டும்?"

முப்பது பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி நடைக்கு வந்தார்கள். திறந்த கதவுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டு, யாரும் கிட்டே போகக் கூடாது என்று சொல்லிவைத்தேன். காலணிகள் ஒருமுறை செருமிக்கொண்டன.

"அன்பார்ந்த மீன் உண்போரே! நான் பொறுப்பேற்ற இந்த ஒன்பது ஆண்டுகளில் நம் வாரியம் ஒரு தவறான பதிலைக்கூட அளித்ததில்லை. ஏனெனில் பதில் அளித்ததில்லை. பதில் அளிக்காமலிருப்பது எளிது என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு நான்கு மாடி தேவைப்படுகிறது. நூற்று அறுபது ஊழியர்கள் இரவு பகலாக, அதாவது பகலில், உழைக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு நாலாயிரம் பேர் எங்களிடம் வந்து எந்த மீன் நல்லது என்று கேட்கிறீர்கள். ஒருவரிடம் சொல்லிவிட்டால் போதும், அவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவார். அடுத்த ஆண்டு ஒருவரும் வரமாட்டீர்கள். பிறகு உங்களை யார் பாதுகாப்பது?"

கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், கையில் ஸ்பேனர் இருந்தது.

மோட்டார் அறையின் சாவி நான்காம் மாடி ஆய்வகத்தில் தொங்குகிறது என்று அதிகாரி சொன்னார். பொதுமக்கள் மூன்றாம் மாடிக்கு மேல் போகக் கூடாது. நான் பொதுமக்களாக வந்து மெக்கானிக்காக மேலே போனேன். ஆய்வகக் கதவில், 'கருவி பழுது. சோதனைகள் இரண்டு மாதம் நிறுத்தம்' என்று பலகை தொங்கியது. கீழே நாற்பத்தைந்து நாள் என்கிறார்கள், மேலே கருவியே ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

திறந்தவர் ஓய்வுபெறும் வயதிலிருந்த ஓர் ஆய்வக உதவியாளர் அம்மா. வெள்ளை அங்கி முழுக்க முடி. உள்ளே ஐந்து கருவிகள் வரிசையாகத் துருப்பிடித்து நின்றன. ஆறாவது பீரோ அளவு பெரியது. அதைப் போர்வையால் மூடி, மேலே பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

"எது மேடம் பழுது? சாவியைக் கொடுங்க, லிஃப்டை முடிச்சிட்டு அதையும் பார்த்துத் தரேன்." எனக்குப் பழுது என்று கேட்டால் சும்மா இருக்க முடியாது.

"உன்னால முடியாது தம்பி," என்று மூலையைக் காட்டினார்.

மூலையில் மெத்தை விரித்த கூடையில் ஒரு சாம்பல்நிறப் பூனை படுத்திருந்தது. கழுத்தில் பித்தளைத் தகடு: கருவி எண் 7. வயிறு கூடைக்கு வெளியே வழிந்தது.

"ஆறாவது கருவி வெளிநாட்டிலேருந்து வந்துச்சு. கையேடு அவங்க பாஷையில இருக்கு. மொழிபெயர்க்க ஒரு குழு போட்டாங்க. குழு இன்னும் பொருளடக்கத்தைத் தாண்டல," என்றார் அந்தம்மா. "அதுவரைக்கும் இதுதான் வேலை பார்க்குது. மீனை முன்னால வைப்போம். சாப்பிட்டா நல்ல மீன். மோந்து பார்த்துட்டுப் போயிட்டா சந்தேகம். தட்டைக் கவுத்துட்டா தடை."

"பூனைக்குப் பாதரசம் தெரியுமா மேடம்?"

"தெரியாது. தெரிஞ்சுக்கிட்ட மாதிரிதான் பார்க்கும்."

"அப்ப நாப்பத்தஞ்சு நாள் எதுக்கு?"

"அது சாப்பிட ரெண்டு நிமிஷம். மீதி தட்டச்சு."

பூனை என்னைப் பார்த்தது. என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தது. எழுந்திருக்க முயன்று, வயிறு இடம் கொடுக்காமல் மறுபடியும் படுத்துக்கொண்டது. என் வீட்டு ஜன்னலோரம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"இதுக்கு எத்தனையாவது மாசம்?"

"பூனைக்கு மொத்தமே ரெண்டு மாசம்தான். இன்னும் பத்து நாள்ல குட்டி போட்டுடும். பதிவேட்டுல குட்டிங்களை எப்படி ஏத்துறதுன்னுதான் பெரிய குழப்பமா இருந்துச்சு. உதிரி பாகங்கள்னு ஏத்தச் சொல்லிட்டாங்க. கருவி இந்த நிலைமையில இருக்கறப்ப கண்ட மீனையும் கொடுக்கலாமா? அதான் சோதனையை நிறுத்திட்டோம்."

"பின்னே இது இப்ப எதைச் சாப்பிடுது?"

அந்தம்மா சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு காகிதம் மாட்டியிருந்தது. தட்டச்சு. கையெழுத்து. சீல். தலைப்பு: 'கருவி எண் 7. பேறுகால உணவு ஒழுங்கு.' நான் வயரிங் படம் படிக்கிறவன். எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

'ஒன்று: சிறிய மீன்களே தரப்பட வேண்டும். மத்தி, நெத்திலி போன்றவை ஏற்றவை. இவை குறைந்த நாளே வாழ்வதால் இவற்றின் உடலில் பாதரசம் சேர்வது குறைவு. இரண்டு: சுறா முதலான பெரிய மீன்கள் கூடாது. சிறியதைப் பெரியது தின்ன, அதை அதனினும் பெரியது தின்ன, எல்லாவற்றின் நஞ்சும் கடைசி வயிற்றில் சேரும். மூன்று: ஆலைக் கழிவு கலக்கும் நீரில் பிடித்தது கூடாது. எங்கே பிடித்தது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். நான்கு: குடலை நீக்கி, நன்றாக வேக வைத்து, வாரம் இரண்டு மூன்று முறை, ஒரே வகையாக இல்லாமல் மாற்றித் தரவும். ஐந்து: உணவுக்குப் பின் இரு காதுகளுக்கும் பின்னால் மெல்லச் சொறிந்துவிடவும்.'

எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆண்டுக்கு நாலாயிரம் பேர் படியேறி வந்து கேட்டது அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

"இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க மேடம்?"

"அதெல்லாம் முறையாத்தான். வெளியில பெரிய ஆய்வகத்துக்கு மீனெல்லாம் அனுப்பி, படிச்சவங்க நாலு பேரைக் கூட்டி வச்சு, எட்டே நாள்ல முடிச்சுட்டாங்க."

"எட்டு நாள்ல பூனைக்கு முடிஞ்சது மனுஷனுக்கு ஏன் முடியல?"

அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கருவிக்கு ஏதாவது ஆச்சுன்னா தணிக்கையில இயக்குநரைக் கேப்பாங்க தம்பி. ஜனங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஜனங்களைத்தான் கேப்பாங்க."

ஒரு நகல் வேண்டும் என்றேன். என் மனைவிக்கு ஆறாம் மாதம் என்றேன். எடை, மூன்று வாரம், ஊசி, மாமியார், சீல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார்.

"இது உள் ஆவணம். வெளியாளுக்குத் தரக் கூடாது. கருவியைப் பராமரிக்கிற மெக்கானிக்குக்கு மட்டும் தரலாம்." ஒரு படிவத்தை எடுத்தார். "நீ மெக்கானிக்தானே?"

"லிஃப்ட் மெக்கானிக் மேடம்."

"படிவத்துல மெக்கானிக்கான்னுதான் கேட்டிருக்கு. எதுக்கு மெக்கானிக்னு கேக்கல. இயக்குநர் கையெழுத்தும் சீலும் வாங்கிட்டு வா. நகலை எடுத்து வைக்கிறேன்."

மறுபடியும் மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். உரை முடிந்து சந்தேகம் கேட்கும் நேரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர், "கெளுத்தி சாப்பிடலாமா?" என்று கேட்டார். காலணிகள், "நல்ல கேள்வி," என்றன. அதோடு அடுத்தவர் எழுந்தார்.

பெஞ்சைத் தாண்டிப் போய்ப் படிவத்தைச் சுருட்டி மேலே நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"என்ன இது?"

"பராமரிப்புப் படிவம் சார்."

"எல்லாம் சரியாக இருக்கிறதா?"

"நீங்களே படிச்சுப் பாருங்க சார்."

"படிப்பதற்கெல்லாம் கீழே ஆள் இருக்கிறார்கள்," என்றார். பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு டப்பென்று ஓர் அடி. சீல் எப்போதும் அவர் சட்டைப்பையிலேயே இருக்குமாம். வேறு யாராவது தவறிப்போய் யாருக்காவது பதில் சொல்லிவிடக் கூடாதே என்று.

அந்தக் கையெழுத்து கிடைத்த பிறகுதான் லிஃப்டை இறக்கினேனா என்று கேட்டால், ஆமாம். வேலை அந்த வரிசையில் அமைந்துவிட்டது. நான்காம் மாடியில் நகலை வாங்கினேன். அதிலும் அந்தம்மா ஒரு சீல் போட்டுத் தந்தார். சாவியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், மெயினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைச் சுற்றினேன். பத்து நிமிடத்தில் இயக்குநர் மூன்றாம் மாடியில் முழுசாக இறங்கினார். காலணியைப் பார்த்து நான் நினைத்ததைவிட ஆள் சின்னவர்.

இறங்கியதும் என் கையைக் குலுக்கினார். "உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்."

"ஒண்ணும் இல்ல சார்."

"ஏன் இல்லை என்று யோசியுங்கள்," என்று சொல்லிவிட்டுப் படி வழியாக இறங்கிப் போனார்.

நான் மட்டும் மறுபடியும் மேலே ஏறினேன். இரண்டு நாள் அலைந்த மத்தி, மனிதர்கள் சாப்பிடும் நிலையில் இல்லை. பூனை முன்னால் வைத்தேன். தட்டைக் கவிழ்த்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, கருவி நன்றாகத்தான் வேலை செய்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மீன்கார அக்காவிடம் எங்கே பிடித்தது என்று கேட்டு, அன்று வந்த மத்தி வாங்கினேன். காகிதத்தை மாமியாரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் சீலைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் படித்தார்.

"கருவி எண் ஏழுன்னு போட்டிருக்கே மாப்பிள்ளை?"

"அவங்க கர்ப்பிணிங்களை அப்படித்தான் சொல்லுவாங்க அத்தை. கரு இருக்கில்ல." வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் அந்தக் கட்டடத்தில் உண்மையாகவே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

"படிச்சவங்க பாஷை," என்று தலையாட்டிவிட்டு வாணலியை வைத்தார். எண்ணெயில் மீன் விழுந்த சத்தத்துக்கே என் மனைவி ஜன்னலைவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நாலு மத்தி சாப்பிட்டாள். முள்ளைக்கூட விடாமல் சப்பினாள். பத்து நிமிடம் நாங்கள் மூவரும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் உள்ளேயே தங்கியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்துக் கடைசிவரைக்கும் படித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஏங்க."

"என்ன?"

"அஞ்சாவது விதி பாக்கியிருக்கு," என்று தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா முள்ளைப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். காகிதத்தைக் காட்டினேன். ஐந்தாவது விதியைப் படித்த உடனே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்து முடித்து மூச்சு வாங்கியதும் ஒரு நகல் எடுத்துச் சுவரில் மாட்டினார். "நான் யாருக்கும் எதையும் சொல்லல. பூனை வளர்க்கிறவங்களுக்குத் தகவல், அவ்வளவுதான்," என்றார். ஒரு மாதத்துக்குள் அந்த வட்டாரத்துக் கர்ப்பிணிகள் எல்லாரிடமும் அந்தப் பட்டியல் இருந்தது. சாயங்காலங்களில் கணவன்மார்கள் மனைவியின் காதைச் சொறிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். விதி என்றால் விதிதான் என்று பெண்கள் சொல்லிவிட்டார்களாம்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. அவளுக்கு மூன்று மாதமானபோது வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. மாமியார்தான் பிரித்தார். மத்தியைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு நின்று உரக்கப் படித்தார்.

'வாரியத்தின் உணவுப் பட்டியல் ஒன்று பொதுமக்களிடையே பரவிவருவதாக அறிகிறோம். அப்பட்டியல் பூனைக்காகத் தயாரிக்கப்பட்டது என்று எச்சரிக்கிறோம். மனிதர்களுக்கு எந்த மீன் பாதுகாப்பானது என்பது குறித்து வாரியத்துக்கு இதுவரை கருத்து எதுவும் இல்லை. ஐயமுள்ளோர் மீனுடன் நேரில் வரவும்.'

மாமியார் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். கீழே கையெழுத்து இருந்தது. பக்கத்தில் வட்டமாக, மசி கலையாமல், பெரிய சீல் இருந்தது. அதை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் கொழுகொழுவென்று கிடந்த பேத்தியை வெகுநேரம் பார்த்தார்.

கடிதத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் மத்தியைப் போட்டுக் குடல் எடுக்க ஆரம்பித்தார்.

"வாரியத்துக் காகிதம் நல்ல கெட்டி மாப்பிள்ளை," என்றார். "தண்ணியே ஊற மாட்டேங்குது."